கோதுமைக்கு முந்தி வந்த மில்

மாவு மில் வைக்க வேகமாக இறங்கும் தண்ணீர் வேண்டும், நல்ல அரைக்கல் வேண்டும், மரத்தில் பல்சக்கரம் செதுக்கத் தெரிந்த ஆள் வேண்டும். எல்லாம் இருந்தும் அரைக்கத் தானியம் இல்லாவிட்டால்? 1771-ல் எலிகாட் சகோதரர்கள் மேரிலாந்தின் படாப்ஸ்கோ ஆற்றங்கரையில் நிலம் வாங்கியபோது நிலவரம் கிட்டத்தட்ட அதுதான். மேரிலாந்து அப்போது பிரிட்டிஷ் காலனி. அமெரிக்கா என்ற நாடு பிறக்க இன்னும் ஐந்து வருடம் இருந்தது. சுற்றுவட்டாரத்தில் பெரும்பாலும் புகையிலைதான். உள்ளூர்க்காரர்களுக்கு மக்காச்சோளம் அரைத்துக் கொடுக்கச் சின்ன மில்கள் இருந்தன. இவர்கள் கட்ட நினைத்ததோ, கப்பலில் ஏற்றி அனுப்பும் அளவுக்குக் கோதுமை மாவு அரைக்கிற மில். அக்கம்பக்கத்துத் தோட்டக்காரர்கள் இவர்களைப் பற்றி என்ன பேசிச் சிரித்திருப்பார்கள் என்று ஊகிப்பது கஷ்டமில்லை.

அந்த மில்லைச் சுற்றி முளைத்ததுதான் இன்றைய எலிகாட் சிட்டி. பால்டிமோருக்கு மேற்கே சுமார் பத்து மைல். வேலைக்காக இந்தப் பக்கம் வந்து தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. நம்மவர்களிடம் எலிகாட் சிட்டி என்று சொன்னால் நல்ல பள்ளிக்கூடங்கள், எட்டாத வீட்டு விலை, ரூட் 40 ஓரமாக வரிசையாக இருக்கும் கொரியக் கடைகள், இவைதான் நினைவுக்கு வரும். பழைய ஊர் அந்த நெடுஞ்சாலையை விட்டு விலகிப் பள்ளத்தில் கிடக்கிறது. கருங்கல் கட்டடங்களுக்கு நடுவே சரிந்து இறங்கும் ஒரே கடைத்தெரு, கீழ்க்கோடியில் ரயில் பாலம், அதைத் தாண்டினால் ஆறு. ஊரிலிருந்து வருகிற உறவினர்களுக்கு வாஷிங்டன் மாளிகைகளைக் காட்டி முடித்ததும் நான் கூட்டிப்போகிற இடம் இது.

எலிகாட்களில் மூத்தவர் ஜோசப். 1732-ல் பென்சில்வேனியாவின் பக்ஸ் கவுண்ட்டியில் பிறந்தவர். அப்பா ஆண்ட்ரூ, இங்கிலாந்தில் டெவன் பகுதியின் கல்லம்ப்டனிலிருந்து 1730 வாக்கில் வந்து இறங்கியவர். அவர் 1741-ல் இறந்துபோனபோது ஜோசப்புக்கு ஒன்பது வயது. அவருக்குக் கீழே தம்பிகள். ஆளுக்கொரு கைத்தொழிலைப் பிடித்துத்தான் அந்த வீட்டுப் பையன்கள் மேலே வந்தார்கள். ஜோசப்பின் கைக்கு வந்தது மில் வேலை. கூடவே கடிகார வேலை. இரண்டும் வேறு வேறு தொழில் மாதிரித் தெரியும். ஆனால் எத்தனை பல் உள்ள சக்கரம் எத்தனை பல் உள்ள சக்கரத்தைத் திருப்பினால் எவ்வளவு வேகம் கிடைக்கும் என்ற ஒரே கணக்குதான் இரண்டுக்கும். ஒன்றை ஆற்றுத் தண்ணீர் தள்ளுகிறது, இன்னொன்றைத் தொங்கும் எடை இழுக்கிறது.

1766-ல் முன்னோர் சொத்தில் தன் பங்கு ஒன்று நிற்கிறது என்று தெரிந்து ஜோசப் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினார். பணத்தோடு திரும்பினார். பென்சில்வேனிய மில்காரர் ஒருவர் மேரிலாந்தில் ஆற்றையே விலை பேசும் அளவுக்கு வளர்ந்ததில் இந்தப் பணத்துக்குப் பெரிய பங்கு உண்டு. உழைப்பால் உயர்ந்த கதைகளில் இந்த வகைப் பணம் ஏனோ ஒரு வரியில் கடந்து போய்விடுகிறது.

திரும்பி வந்தவர் 1769-ல் மகன் ஆண்ட்ரூவைக் கூட வைத்துக்கொண்டு ஒரு கடிகாரத்தைச் செய்து முடித்தார். ஆளுயரத்துக்கு மேல் நிற்கும் பெட்டி. நாலு பக்கமும் நாலு முகம். ஒரு முகத்தில் சூரியனும் சந்திரனும் கிரகங்களும் தத்தம் கதியில் நகரும். இன்னொன்றில் நொடி, நிமிடம், மணி தொடங்கி மாதம், வருடம் வரை காட்டும். மூன்றாவதில் 24 பாட்டுகளின் பெயர்கள். முள்ளை எந்தப் பெயரில் வைக்கிறோமோ அந்தப் பாட்டு ஒலிக்கும். நாலாவது பக்கம் வெறும் கண்ணாடி, உள்ளே சக்கரங்கள் ஓடுவதைப் பார்க்க. எனக்குப் பிடித்தது அந்தக் கண்ணாடிப் பக்கம்தான். இத்தனைக்கும் எலிகாட் குடும்பம் குவேக்கர் சபையைச் சேர்ந்தது. அந்தச் சபையில் பாதிரியார் கிடையாது, சண்டைக்குப் போகக் கூடாது, உடுப்பில் பகட்டு ஆகாது. பாட்டும் வாத்தியமும்கூட மனதைக் கெடுக்கும் சமாசாரம் என்றுதான் அக்காலக் குவேக்கர்கள் நினைத்தார்கள். அப்படிப்பட்ட வீட்டுக் கூடத்தில் 24 பாட்டு பாடும் பெட்டி! சபைப் பெரியவர்களுக்கு ஜோசப் என்ன சமாதானம் சொன்னாரோ.

சரி, ஊர்க் கதைக்கு வருகிறேன். அமெரிக்கக் கிழக்குக் கரையை ஒட்டிய சமவெளியும் அதற்கு மேற்கே உள்ள பாறை மேடும் சந்திக்கிற இடத்தில் ஆறுகளெல்லாம் திடீரென்று சரிந்து இறங்கும். அந்தக் கோட்டுக்குக் கீழே படகு போகும். மேலே மில் ஓடும். படாப்ஸ்கோ அப்படி இறங்குகிற இடத்துக்குப் பக்கத்திலேயே ஆழமான துறைமுகத்தோடு பால்டிமோர் இருந்தது. அன்றைக்கு அது சின்ன ஊர்தான். பக்ஸ் கவுண்ட்டியில் ஓடைக்கு ஓடை மில் வந்துவிட்ட காலம் அது. ஜோசப்பும் தம்பிகள் ஆண்ட்ரூவும் ஜானும் மேரிலாந்து முழுக்கச் சுற்றிப் பார்த்துவிட்டு இந்தப் பள்ளத்தாக்கைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆற்றின் இரு கரையிலும் சுமார் இரண்டு மைல் நீளத்துக்கு நிலத்தை வாங்கினார்கள். அவர்கள் வாங்கியது காடும் பாறையும்தான், உழுகிற மண்ணே இல்லை. அவர்களுக்கு வேண்டியிருந்ததும் தண்ணீர் இறங்கும் உயரம் மட்டும்தான்.

அவர்கள் வந்து சேர்ந்த விதம் அந்தக் குடும்பத்தார் எழுதிவைத்த குறிப்புகளில் இருக்கிறது. சாமான்களையெல்லாம் பிலடெல்பியாவில் கப்பல் ஏற்றி டெலவேர் நதி வழியாக இறக்கி, குறுக்கே நிலத்தைக் கடந்து, மறுபடி தண்ணீரில் ஏற்றி, எல்க்ரிட்ஜ் என்ற துறையில் இறங்கியிருக்கிறார்கள். அங்கிருந்து வண்டி. சேர வேண்டிய இடத்துக்கு ஒரு மைல் இருக்கும்போதே பாதை முடிந்துவிட்டது. அதற்கு மேல் பாறையும் மரமும்தான். வண்டிகளை அங்கேயே கழற்றினார்கள். சக்கரம் தனி, அச்சு தனி, பலகை தனி என்று பிரித்து, மரக்கட்டைகளால் செய்த தூக்குகளில் வைத்து ஆட்கள் சுமந்து போனார்கள். இயந்திரம் என்றாலே பிரித்துப் பூட்டக்கூடியது என்று கையில் பழகிய கூட்டத்துக்குத்தான் அந்த யோசனை வரும். 1772-ல் காடு வெட்டத் தொடங்கி, விடுதலைப் போர் மூளுவதற்குள் மில் நின்றுவிட்டது.

இனி கோதுமை. மேரிலாந்தில் புகையிலை வெறும் பயிராக இல்லை, பணமாகவே புழங்கியது. கடனும் வரியும் சம்பளமும் புகையிலைக் கணக்கில் போய்க்கொண்டிருந்தன. அறுத்து உலர்த்திய இலையைப் பெரிய பீப்பாய்களில் அடைத்து, பீப்பாயையே உருளையாக உருட்டித் துறைக்குக் கொண்டுபோவார்கள். இந்த வட்டாரத்தில் ‘ரோலிங் ரோடு’ என்ற பெயரில் இன்றும் ஓடுகிற சாலை அந்தப் பீப்பாய்கள் போட்ட தடம். ஆனால் புகையிலை மண்ணை உறிஞ்சிவிடும். சில போகத்திலேயே நிலம் களைத்து, புதுக்காட்டை வெட்ட வேண்டி வரும். அந்தக் களைப்பைத்தான் எலிகாட்கள் பிடித்துக்கொண்டார்கள். ‘கோதுமை போடுங்கள், விளைவதை நாங்கள் வாங்கிக்கொள்கிறோம்’ என்று பக்கத்துத் தோட்டக்காரர்களிடம் பேசினார்கள். அவர்களில் பெரிய ஆள் சார்லஸ் கேரல். ஆயிரக்கணக்கான ஏக்கர் நிலத்துக்குச் சொந்தக்காரர்; பிறகு 1776 சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்துப் போட்டவர்களில் ஒருவர். அவர் மாறினால் மற்றவர்களும் மாறுவார்கள்.

பேச்சோடு நிற்கவில்லை. கேரலின் பண்ணை வரைக்கும் தங்கள் செலவில் சாலை போட்டார்கள். அடுத்து மில்லிலிருந்து பால்டிமோருக்குச் சாலை. அங்கே போய்ப் பார்த்தால் கப்பல் அணைய இடம் போதவில்லை. சொந்தமாக ஒரு படகுத்துறை கட்டினார்கள். துறையில் சேறு தட்டியது. குதிரை இழுக்கும் சேறு வாரும் பொறி ஒன்றைச் செய்தார்கள். மண்ணுக்குத் தெம்பு வேண்டும் என்று, பிற்பாடு ஜிப்சம் கட்டிகளைக் கப்பலில் வரவழைத்து, தங்கள் மில்லிலேயே பொடியாக்கி விவசாயிகளுக்கு விற்றார்கள். தங்கள் நிலத்தில் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் விற்றார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். மில்லுக்கு மேலே வயலும் மில்லுக்குக் கீழே துறைமுகமுமாக, நடுவில் விட்டுப்போன ஒவ்வொரு கண்ணியையும் அவர்களே அடித்துப் பொருத்தியிருக்கிறார்கள்.

இதைச் சொல்லும்போது சில உள்ளூர் வரலாறுகள் எலிகாட்களை மண்ணைக் காப்பாற்ற வந்த மகான்கள் மாதிரி எழுதும். எனக்கு அதில் உடன்பாடில்லை. கோதுமை வராத மில் ஆற்றோரம் நிற்கும் கல்வீடு மட்டும்தான். அவர்கள் செய்தது பச்சையான வியாபாரம், அதுவும் அபாரமான வியாபாரம். ஊர் என்பதும் அந்த வியாபாரத்தின் உபவிளைவு. வேலையாட்களுக்குத் தங்க மரவீடுகள், மரம் அறுக்க ஒரு ரம்ப மில், சாமான் வாங்க ஒரு கடை, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்து ‘எலிகாட்ஸ் மில்ஸ்’ ஆயிற்று. குவேக்கர்கள் கூடித் தொழுவதற்கான கல் மண்டபம் 1800-ல்தான் எழுந்தது. மில் வந்து கால் நூற்றாண்டுக்கு மேல்!

ஜோசப் கீழ்மில்லில் தங்கவில்லை. தம்பிகளிடம் அதை விட்டுவிட்டு, ஆற்றில் மேலே சில மைல் தள்ளி இன்னொரு மில்லை எடுத்துக்கொண்டு, பாடும் கடிகாரத்தோடு அங்கே குடியேறினார். 1780-ல் அங்கேயே இறந்தார். ஐம்பதுகூட ஆகவில்லை. விடுதலைப் போர் முடிந்ததையோ பால்டிமோர் மாவுத் துறைமுகமாக வளர்ந்ததையோ அவர் பார்க்கவில்லை. மகன்கள் அளவைச் சங்கிலியோடு கிளம்பிப் போனார்கள். கடிகாரத்தில் கூட வேலை செய்த ஆண்ட்ரூ, வாஷிங்டன் தலைநகரின் எல்லையை அளந்தவர். அப்பா பெயரையே வைத்திருந்த இன்னொரு மகன் ஜோசப், நியூயார்க் மாநிலத்தின் மேற்கே பஃபலோ நகரத்துக்குத் தெரு வரைந்தவர்.

தம்பிகள் வீட்டுப் பையன்கள் மில்லைப் பிடித்துக்கொண்டார்கள். 1780-களில் டெலவேரில் ஆலிவர் எவன்ஸ் என்பவர் ஒரு யோசனையோடு அலைந்துகொண்டிருந்தார். அதுவரை மில்லில் தானிய மூட்டையை மேல்மாடிக்கு ஆள் தூக்கிப் போவான். கல்லிலிருந்து சூடாக விழும் மாவை ஆள் அள்ளுவான், ஆறப்போட்டுக் கிளறுவான், சல்லடைக்குக் கொண்டுபோவான். இடையில் செருப்புத் தூசியும் வியர்வையும் கலக்கும். எவன்ஸ் இதையெல்லாம் தண்ணீரின் தலையிலேயே கட்டினார். தோல்பட்டையில் வரிசையாகச் சின்னக் கிண்ணங்களைத் தைத்துத் தானியத்தை மேலே ஏற்றினார். திருகுத் தண்டால் பக்கவாட்டில் நகர்த்தினார். மாவைப் பரப்பிக் கிளறி ஆறவைக்க வட்டமாகச் சுற்றும் ஒரு துழாவி வைத்தார். பெரும்பாலான மில்காரர்கள் சிரித்தார்கள். எலிகாட்கள் முதல் ஆட்களாக வாங்கிப் பூட்டினார்கள். நாளுக்கு 325 பீப்பாய் மாவு அரைக்கும் இவர்களுடைய மில்லைத்தான் எவன்ஸ் தன் கண்டுபிடிப்புக்கு உதாரணமாகக் காட்டினார். ஒரு பீப்பாய்க்கு 196 பவுண்டு மாவு. நம் கணக்கில் நாளுக்குக் கிட்டத்தட்ட 29 டன்.

அவ்வளவு கோதுமையை யார் விளைவித்தார்கள்? இங்கேதான் கதை கனக்கிறது. குவேக்கர்கள் அடிமை முறையை எதிர்த்தவர்கள். 1770-களின் கடைசியிலேயே மேரிலாந்துக் குவேக்கர் சபை தன் உறுப்பினர்கள் யாரும் அடிமை வைத்திருக்கக் கூடாது என்று தீர்மானித்துவிட்டது. ஆனால் எலிகாட் மில்லுக்குக் கோதுமை அனுப்பிய பெரிய பண்ணைகளில் உழைத்தவர்கள் அடிமைகள். கேரலிடம் மட்டும் நூற்றுக்கணக்கானோர் இருந்தார்கள். அரைத்த மாவு கப்பலேறிப் போன முக்கியமான சந்தையும் கரும்புத் தோட்டங்கள் நிறைந்த மேற்கிந்தியத் தீவுகள்தான். புகையிலைக்கு வருடம் முழுக்க ஆள் வேண்டும். கோதுமைக்கு விதைப்பும் அறுப்பும் போக வேலை குறைவு. இந்தப் பயிர் மாற்றத்தால் மேரிலாந்தில் பலர் விடுதலை பெற்றார்கள் என்று சொல்வார்கள். உண்மைதான். அதே மாற்றத்தால் ‘உபரி’ என்று கணக்கெழுதப்பட்டுத் தெற்கே பருத்திக் காடுகளுக்கு விற்கப்பட்டவர்களும் ஏராளம். முதல் பாதியை மட்டும் சொல்லி நிறுத்துகிறவர்களிடம் எனக்குப் பொறுமை இல்லை.

மில்லுக்கு ரொம்பப் பக்கத்தில், இன்று ஓயல்லா என்று சொல்லும் மேட்டில், பெஞ்சமின் பனெக்கர் என்ற கறுப்பின விவசாயி இருந்தார். அடிமை இல்லை, சொந்த நிலம், 100 ஏக்கர், புகையிலை. ஜோசப்பைவிட ஒரு வயது மூத்தவர். 1753 வாக்கில், யாரோ கொடுத்த ஒரு பைக் கடிகாரத்தைப் பார்த்துக் கணக்கிட்டு, கத்தியால் மரத்தில் சக்கரங்களைச் செதுக்கி மணியடிக்கும் கடிகாரம் செய்தவர். எலிகாட்கள் ஊருக்குள் வருவதற்கு ஏறக்குறைய இருபது வருடம் முன்பே! மில் கட்டிய ஆட்களுக்குக் கோழியும் காய்கறியும் தேனும் விற்றது பனெக்கர் வீட்டார்தான். ஜோசப்பின் தம்பி மகன் ஜார்ஜ் எலிகாட், தன்னைவிட முப்பது வயது பெரியவரான பனெக்கரோடு சிநேகமானார். 1788-ல் வானியல் புத்தகங்களையும் ஒரு தொலைநோக்கியையும் சில கருவிகளையும் இரவல் கொடுத்து, ‘பிறகு வந்து விளக்குகிறேன்’ என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் திரும்பி வருவதற்குள் பனெக்கர் தாமே படித்து, கிரகணக் கணக்கே போட்டு அனுப்பிவிட்டார்.

1791-ல் ஜோசப்பின் மகன் ஆண்ட்ரூ தலைநகர் எல்லையை அளக்கக் கிளம்பியபோது பனெக்கரைக் கூட அழைத்துப்போனார். 59 வயதில் கூடாரத்தில் தங்கி, இரவெல்லாம் நட்சத்திரம் பார்த்து, வானியல் கடிகாரம் நொடி பிசகாமல் ஓடுகிறதா என்று கண்காணிப்பது அவர் வேலை. அதே வருடம் ஆகஸ்டில் தாமஸ் ஜெஃபர்சனுக்கு அவர் எழுதிய கடிதம் பிரசித்தம். எல்லா மனிதரும் சமம் என்று பிரகடனம் எழுதிய நீங்களே இத்தனை பேரை அடிமையாக வைத்திருக்கலாமா என்று நேருக்கு நேர் கேட்டிருக்கிறார். 1792-க்கான அவருடைய பஞ்சாங்கம் அச்சில் வந்தது. 1806 அக்டோபரில் அவர் இறந்தார். அடக்கம் நடந்துகொண்டிருந்தபோதே வீடு தீப்பிடித்து, மரக் கடிகாரம் உட்பட எல்லாம் எரிந்துபோனது. ஜார்ஜுக்குத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள் என்று அவர் சொல்லிவைத்திருந்த மேசையும் சில சாமான்களும் அதற்கு முன்பே மில் வீட்டுக்குப் போய்விட்டதால் பிழைத்தன. எலிகாட் சிட்டியைப் பற்றி ஒரே ஒருவர் கதையைச் சொல்ல நேரம் இருந்தால் நான் எலிகாட் யாரையும் சொல்ல மாட்டேன், இவரைத்தான் சொல்வேன்.

ரயில் கதையைச் சுருக்கமாக முடித்துவிடலாம். பால்டிமோர்–ஒகையோ ரயில்பாதைக்கு 1828 ஜூலை 4 அன்று முதல் கல் நாட்டியவர், அப்போது 90 வயதாகியிருந்த அதே சார்லஸ் கேரல். 1830-ல் திறந்த முதல் 13 மைலின் கடைசி நிறுத்தம் எலிகாட்ஸ் மில்ஸ். ஏற்ற மாவும் கருங்கல்லும் அங்கே இருந்தன. முதலில் வண்டியை இழுத்தது குதிரைதான். அந்தக் கல் ரயில் நிலையம் இன்னும் நிற்கிறது, அருங்காட்சியகமாக.

போன முறை சித்தப்பா வந்திருந்தபோது கடைத்தெருவில் பாதி இறங்கியதும் நின்றுவிட்டார். திருவையாற்றுக்காரர், ஆற்றைப் பற்றி அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இரண்டு பக்கமும் பாறை, நடுவில் தெரு, கட்டடங்களுக்கு அடியில் ஓடை. “ஏம்ப்பா, தண்ணி வர்ற வழியிலயே ஊரைக் கட்டி வெச்சிருக்கானுங்களே, வெள்ளம் வந்தா எங்க போவானுங்க?” என்றார். ரயில் பாலத்தருகே வெள்ள உயரங்களைக் குறித்துவைத்திருப்பதைக் காட்டினேன். உச்சியில் இருப்பது 1868 ஜூலை. இருபது அடிக்கு மேல். எலிகாட்ஸ் மில்ஸ் என்ற கிராமம் எலிகாட் சிட்டியாகப் பதவி உயர்வு பெற்ற அடுத்த வருடம் அது. மில்களையும் வீடுகளையும் அடித்துக்கொண்டு போய், நாற்பது பேருக்கு மேல் பலி வாங்கியது. 1972-ல் ஆக்னஸ் புயலில் இன்னொரு பெருவெள்ளம்.

அவையெல்லாம் ஆறு பொங்கி மேலே ஏறிய வெள்ளங்கள். 2016 ஜூலை 30-ம் தேதியும் 2018 மே 27-ம் தேதியும் வந்தது வேறு வகை. மேட்டிலிருந்து ஓடைகள் தெருவிலேயே இறங்கி, கார்களைப் புரட்டிக்கொண்டு ஆற்றுக்குப் போயின. 2016-ல் இரண்டே மணி நேரத்தில் ஆறு அங்குல மழை. சரிவும் குறுகலும் 1771-ல் இருந்தவைதான்; மேட்டில்தான் காடு போய்க் கூரையும் தாரும் வந்திருக்கின்றன. அதில் எங்கள் மாதிரிக் குடியிருப்புகளுக்கும் பங்கு உண்டு என்று சித்தப்பாவிடம் சொன்னேன். “அப்ப அந்த மில்காரனை மட்டும் ஏன் திட்டணும்?” என்று நடக்க ஆரம்பித்துவிட்டார்.

இப்போது மேட்டுத் தண்ணீரைத் தெருவுக்குக் கீழே பாறையைக் குடைந்து 18 அடி விட்டமுள்ள சுரங்கத்தில் ஆற்றுக்குக் கொண்டுபோகும் திட்டத்தைக் கவுண்ட்டி கையில் எடுத்திருக்கிறது.

பார்க்கப் போகிறவர்களுக்கு என் யோசனை: முதலில் ஓயல்லா மேட்டில் பனெக்கர் நினைவுப் பூங்காவுக்குப் போங்கள், அவர் பண்ணை இருந்த இடமே அது. அப்புறம் கீழே ஆற்றுப் பாலத்துக்கு வாருங்கள். பாலத்தின் பால்டிமோர் பக்கம் பெரிய மாவு ஆலைக் கட்டடம் தெரியும். எலிகாட்கள் மில் வைத்த அதே இடம். தீயிலும் வெள்ளத்திலும் போய்ப் போய் மறுபடி கட்டி, சில வருடங்களுக்கு முன்புவரை அங்கே மாவு அரைத்துக்கொண்டுதான் இருந்தார்கள். எதிரில் நிற்பது 1789-ல் ஜார்ஜ் எலிகாட் கட்டிய கல்வீடு. வெள்ளம் எட்டாமல் இருக்க 1980-களில் சாலைக்கு அந்தப் பக்கமிருந்து பெயர்த்து மேலே ஏற்றி வைத்திருக்கிறார்கள். காரை ஆற்றோர நிறுத்தத்தில் விட்டால் தெருவை மேல்நோக்கி நடக்க வேண்டியிருக்கும். முட்டிவலி உள்ளவர்கள் மேலேயே விட்டுவிடுவது நல்லது. இடிமழை எச்சரிக்கை உள்ள நாளில் போக வேண்டாம். போன இடத்தில் சங்கு ஊதினால் காரைப் பற்றிக் கவலைப்படாமல், பக்கச் சந்துகளில் ‘மேட்டுக்கு வழி’ என்று அம்புக்குறி போட்டு வைத்திருக்கும் படிகளில் ஏறிவிடுங்கள்.